வலது பக்கத்து சீட்டு

மூன்றாம் லைன் வீதியில் சென்னியப்பன் வீட்டு டிவி மேஜை மேல் நின்றிருந்த ஒரு முழ நீள விமானத்துக்குள் யாரோ மூச்சுவிட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செவ்வாய்க்கிழமை குழாயில் தண்ணீர் வருகிற நாள் என்பதால் வீதியில் யாரும் உடனே வந்து பார்க்கவில்லை. முதலில் கண்டது அவர் மனைவி பாப்பாத்தி. இரண்டாவது குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், விமானத்தின் கண்ணாடி மூடியில், உள்பக்கமாக, புளியங்கொட்டை அகலத்துக்கு ஆவி படிவதும் மறைவதும் மறுபடி படிவதுமாக இருப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூன்றாவது குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங், உங்க ஏரோப்ளேனுக்கு வேர்க்குது. என்னன்னு பாருங்."

சென்னியப்பன் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து குனிந்து பார்த்தார். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டுகள். இடது பக்கத்து சீட்டுக்கு எதிரே மட்டும் கண்ணாடி மங்கித் தெளிந்தது. வலது பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தது.

"வேர்வை இல்ல. மூச்சு," என்றார்.

"யாரோடதுங்?"

"ஓட்டறவரோடது."

"அப்ப பல்ல வெளக்கிட்டு வந்து பாருங். அந்தாளு எங்கயும் போயிர மாட்டாரு," என்று சொல்லிவிட்டு அவள் குழாயடிக்குப் போனாள்.

விமானத்தளத்தில் இருபத்தெட்டு வருசம் சென்னியப்பன் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான். சாகச விமானங்களில் விமானி உட்காருகிற காக்பிட்டைத் துடைக்கிற வேலை. சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒன்பது விமானங்கள் வானத்தில் பூவாக விரிந்து, ஜடையாகப் பின்னி, தலைகீழாகப் புரண்டு, ஊரே அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்த்து முடித்த பிறகு, ஒவ்வொன்றாக இறங்கி வந்து நிற்கும். விமானிகள் இறங்கிப் போவார்கள். அதற்கப்புறம் ஏணியைச் சாய்த்து ஏறுகிறவர் சென்னியப்பன். விமானத்தை ஓட்டுகிற கோலின் கைப்பிடியில் ஒட்டிய வேர்வையைத் துடைப்பார், மீட்டர்களின் மேல் பதிந்த விரல் தடங்களைத் துடைப்பார், காலி சீட்டின் பெல்ட்டுகளை எடுத்துக் குறுக்காகப் போட்டு, அடுத்த முறை பறக்கும்போது அடித்துக்கொள்ளாதபடி கொக்கியை மாட்டி வைப்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவருக்கு எந்த மீட்டர் எதைக் காட்டுகிறது என்று வாசிக்கத் தெரியாது, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டால்கூட இருபத்தொன்பது மீட்டர்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று அவர் விரல் சொல்லும், நாலாம் நம்பர் விமானத்தின் இடது சீட்டில் தோல் கிழிந்து அவரே கறுப்பு நூலால் தைத்த பதினோரு தையலையும் சொல்லும்.

ரிட்டயராகி எட்டு வருசம் கழித்து வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்றைக்கு உலகத்தில் சின்னதாக இருந்ததெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அரிசியின் மூக்கு, எறும்பின் இடுப்பு, பாப்பாத்தியின் மூக்குத்தித் திருகின் மரை. அன்று சாயங்காலமே நாலாம் நம்பர் விமானத்தைச் செய்ய உட்கார்ந்துவிட்டார். வெளிப்பக்கம் ஒரு மாதத்தில் முடிந்தது. வெளிப்பக்கம் யாருக்கும் தெரிந்ததுதானே. காக்பிட்டுக்கு மட்டும் ஒரு வருசமும் நாலு மாதமும் ஆயிற்று. செருப்பு வாரைச் சீவிச் சீவி சீட்டுக்குத் தோல் போட்டார். சைக்கிள் வால்வு ரப்பரை நறுக்கிக் கோலுக்குக் கைப்பிடி மாட்டினார். மாத்திரை அட்டையின் பின்தகட்டிலிருந்து இருபத்தொன்பது வட்டங்களைக் குத்தியெடுத்து, கறுப்புப் பூசி, பாப்பாத்தியின் தலைமுடி மூன்றை ஈர்க்குச்சியில் கட்டிய தூரிகையால் ஒவ்வொன்றிலும் கோடும் எண்ணும் முள்ளும் வரைந்து, மேலே நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டு அதையே கண்ணாடியாக்கினார். தையல் பதினொன்றும் போட்டார். ஆபத்தில் சீட்டோடு வெளியே தெறிக்க இழுக்கிற, மஞ்சளும் கறுப்புமாக வரிபோட்ட வளையத்தை இரண்டு சீட்டுக்கும் செய்து வைத்தார். கடைசியாக வலது சீட்டின் பெல்ட்டுகளை, அவர் பழக்கம் போலவே, குறுக்காகப் போட்டுக் கொக்கியை மாட்டினார். மிட்டாய்ப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியை அடுப்பில் காட்டி இளக்கி, மரத்தில் செதுக்கிய அச்சின் மேல் அழுத்திக் கூண்டு செய்து மூடினார். அது திங்கட்கிழமை. மறுநாள்தான் மூச்சு வந்தது.

தண்ணீர் நின்றதும் வீதி வந்தது. வந்து பார்த்து, "ஆமாங், மூச்சுத்தான்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிற்று. மூன்றாம் லைன்காரர்களுக்கு விமானம் புதிதில்லை. விமானத்தள மதிலுக்கு அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்தது இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். புதன்கிழமையிலிருந்து காலை சரியாக ஆறே முக்காலுக்கு எஞ்சின் ஓட ஆரம்பித்தது. கொசுவின் பாட்டைவிடக் கொஞ்சம் கனமான சத்தம். ஏறிக்கொண்டே போய், இதோ கிளம்பிவிடும் என்கிற இடத்தில் சிறிது நேரம் நின்று, மெல்ல இறங்கி அணையும். அந்த நேரத்தில் வீதியில் காயப் போட்டிருக்கிற துணியெல்லாம் காற்றில்லாமலே சென்னியப்பன் வீட்டுப் பக்கம் சாயும். இட்லிக் கடை திருமாத்தாள் அந்தச் சத்தத்தை வைத்து முதல் ஈடு இறக்கினாள். மின்சாரக்காரர் வந்து மீட்டரைப் பார்த்து, யூனிட் ஏறவில்லை, அதனால் எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போனார். மாரியம்மன் கோயில் பூசாரி வந்தார், எண்ணெய் வைக்கலாம், பூ வைக்கலாம், ஆனால் பெட்ரோல் இருக்கிற இடத்தில் தீபாராதனை காட்ட முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எதிர்வரிசையில் தையல் கடை வைத்திருந்த ஜமீலாவின் புருசன் மஸ்கட்டில் இருந்தான், போய் ஆறு வருசம். அவள் ஒரு நாள் கத்தரித்த துணி முனையில், சுண்டுவிரல் நகம் அளவில், சிவப்பு நூலால் இரண்டே எழுத்துத் தைத்துக் கொண்டுவந்து விமானத்தின் இறக்கைக்கடியில் வைத்தாள்.

"எந்தப் பக்கம் போகுதோ தெரியாதுங்களே அண்ணா. போற வழியில மஸ்கட் வந்தா போட்டுடச் சொல்லுங்க. வரலைன்னா பரவால்ல."

அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி செத்துப்போன தங்கச்சிக்குப் பிடித்த சீரக மிட்டாய் ஒன்று, ஒருவர் விற்றுவிட்ட காளையின் கழுத்து மணியிலிருந்து ஒரு சிட்டிகைத் துரு, திருமாத்தாள் ஒரு கடுகு. யாருக்கென்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. கொண்டு போக வேண்டிய இடம் எல்லாருக்கும் ஒன்று இருந்தது என்பது அந்த மேஜையைப் பார்த்துத்தான் வீதிக்கே தெரிந்தது.

ஆனால் விமானம் கிளம்பவில்லை. அதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. வாசல் பக்கம் பார்க்க நிறுத்தி வைத்தால், கவனிக்காத நேரத்தில் அது தானாகத் திரும்பி, கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. வடக்கே திருப்பினால் கிழக்கே. மறுபடி திருப்பினால் மறுபடி கிழக்கே. கிழக்குச் சுவரில் ஒரு காலத்தில் வாசல் இருந்தது. அதை முப்பத்தொரு வருசத்துக்கு முன்னால் செங்கல் வைத்து அடைத்து, வடக்கே புது வாசல் திறந்தவர் சென்னியப்பன். எதற்கு அடைத்தார் என்றால், கிழக்கு வாசலைத் திறந்தால் நேரெதிரே கிட்டுச்சாமியின் வீட்டு வாசல் தெரியும்.

கிட்டுச்சாமிக்குத் தளத்தில் விமானச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிற, கிளம்பும்போது எடுக்கிற வேலை. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய் ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டவர்கள். தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் தரையில் வேலை செய்கிறவர்களின் பேர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒரு விமானியின் ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பேர் வருகிறதோ அவருக்கு ஒத்திகையில் வலது பக்கத்து சீட்டு. ஐந்து வருசம் காத்திருந்து, அந்த வருசம் சென்னியப்பன் பேர் வந்தது. நெஞ்சில் அவர் பேர் எழுதிய பட்டி ஒட்டின உடுப்பை அவர் பாதி போட்டிருந்தபோதுதான் கிட்டுச்சாமி ஓடிவந்தார். "டேய், பாப்பாத்தி கெணத்தடியில வழுக்கி உளுந்துட்டாளாமா, பேச்சு மூச்சில்லியாமா." உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு சென்னியப்பன் சைக்கிளை எடுத்தார். வீடு மதிலுக்கு அந்தப் பக்கம்தான் என்றாலும் கேட்டைச் சுற்றிக்கொண்டு வர ஐந்து மைல். நாக்குத் தள்ள வந்து பார்த்தால், பாப்பாத்தி அம்மி முன்னால் உட்கார்ந்து சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். "என்னங் இந்நேரத்துக்கு, அதுக்குள்ள பசிச்சிருச்சா?" என்றாள். அப்போது தலைக்கு மேல் ஒன்பது விமானங்களும் போயின. நாலாம் நம்பரின் வயிற்றை முற்றத்தில் நின்று சென்னியப்பன் பார்த்தார். அவர் உடுப்பில், அவர் சீட்டில், கிட்டுச்சாமி போய்க்கொண்டிருந்தார். தடுப்பதற்கு யாருமில்லை, நம்மில் யார் சென்னியப்பன், யார் கிட்டுச்சாமி என்று பெரிய அதிகாரிகளுக்கு என்றைக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நின்றது பேச்சு. கிட்டுச்சாமி மன்னிப்புக் கேட்க வந்த மூன்று தடவையும் சென்னியப்பன் எழுந்து பின்பக்கம் போனார். கிட்டுச்சாமி மகன் கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து, மொய் எழுதி, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பினார். டீக்கடையில் ஒருவர் கிழக்கு பெஞ்சு என்றால் மற்றவர் மேற்கு பெஞ்சு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது, கிட்டுச்சாமி சந்தையிலும் சாவு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்த கதை. மேலிருந்து பார்த்தால் நொய்யல் ஆறு பொண்ணுப்பிள்ளை தலையிலிருந்து அவிழ்ந்து விழுந்த ரிப்பன் மாதிரி, ஊர் கொட்டிப்போன உப்பு மாதிரி, தலைகீழாகப் புரளும்போது வானம் காலுக்கடியில் கிணறு மாதிரி. ஒவ்வொரு தடவையும் அந்தக் கதை காற்று வாக்கில் காதில் விழும்போதெல்லாம், தான் பார்க்க வேண்டிய ஆற்றை வேறொருவன் செலவழிக்கிறான் என்று சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது.

"நான் உளுந்து சாகாம நல்லா இருந்ததுக்காவ முப்பத்தொரு வருசமாக் கோவிச்சுக்கிட்டு இருக்கற மனுசன், இந்த லோகத்துலயே நீங்க ஒருத்தர்தான்," என்பாள் பாப்பாத்தி.

மூன்றாவது வாரம் ஆவி சுருங்க ஆரம்பித்தது. புளியங்கொட்டையாக இருந்தது துவரம்பருப்பாயிற்று. எஞ்சின் சத்தம் நீளம் குறைந்தது. துணிகள் சாய்வதும் குறைந்தது. திருமாத்தாள் முதல் ஈட்டை வேகாமல் இறக்கி வாடிக்கைக்காரர்களிடம் பேச்சு வாங்கினாள். ஜமீலா தினமும் வந்து தன் துணித் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே இருக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் சென்னியப்பன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆவி பயறாகி எள்ளுக்கு வந்த அன்று காலை, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது, அதற்குள்ளே வேறொரு சத்தம் கேட்டது. டிக். டிக் டிக். பல்லி சொல்வதைவிட மெலிசு.

பாப்பாத்தி, "பல்லி," என்றாள்.

"இல்ல," என்றார் சென்னியப்பன். "தட்டறார்."

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு விரலோடு தெரிந்தது. மீட்டரில் முள் சிக்கிக்கொண்டால் விமானிகள் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தடத்தை இருபத்தெட்டு வருசம் துடைத்தவர் அவர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இருபத்தொன்பது முள்ளும் அவர் வரைந்த இடத்தில் அசையாமல் நின்றன. வரைந்த இடம் எது? சைபர். எல்லாமே சைபர். அவர் அந்த மீட்டர்களைப் பார்த்ததெல்லாம் விமானம் நின்ற பிறகு, எஞ்சின் அணைந்த பிறகு, விமானி இறங்கிப் போன பிறகு. நிற்கிற விமானத்தின் முட்களைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்ததை அப்படியே வரைந்துவிட்டார். உள்ளே இருக்கிற மனிதர் மூன்று வாரமாக, எஞ்சினை ஓட்டி ஓட்டி, எந்த முள்ளும் எழுந்திருக்காத மீட்டர்களைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜமீலா செல்போனில் தேடினாள். வந்த படங்களெல்லாம் எங்கெங்கோ காட்சிக்கு நிறுத்தி வைத்த பழைய விமானங்கள். அவற்றிலும் முட்கள் படுத்தே கிடந்தன. பறக்கிற படம் ஒன்றும் வந்தது. சென்னியப்பன் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"இது வேற விமானம், வேற நாளு. நான் செஞ்சது நாலாம் நம்பரு. என்ற பேரு வந்த அன்னிக்கு அது மேல போனப்ப நின்ன முள்ளுதான் வேணும்."

"அன்னிக்கு அதுல யாருங்கண்ணா முள்ளப் பார்த்தது?" என்றாள் ஜமீலா. கேட்ட பிறகுதான் பதில் கிட்டுச்சாமி என்று அவளுக்கே தெரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, பாப்பாத்தியின் பழைய நூல்புடவையில் விமானத்தைக் குழந்தையைப் போலச் சுற்றி எடுத்துக்கொண்டு, சென்னியப்பன் வடக்கு வாசல் வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு, வீதியைக் கடந்தார். பதினாறு அடி அகல வீதி. திருமாத்தாள் காய்ந்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜமீலா நூலில்லாத மெஷினை மிதித்தாள். வீதியில் பார்க்காதவர் ஒருவரும் இல்லை, பார்த்ததாகக் காட்டிக்கொண்டவரும் ஒருவருமில்லை.

கிட்டுச்சாமி வாசலில் நைலான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மருமகளுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். கை நின்றது.

சென்னியப்பன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். முப்பத்தொரு வருசம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எத்தனையோ வசவுகள் தொண்டை வரைக்கும் வந்தன. வெளியே வந்தது இதுதான்.

"முள்ளெல்லாம் எங்கெங்க நின்னுது?"

"எந்த முள்ளு?"

"என்ற சீட்டுல உக்காந்து போனியே. மேல. அப்ப மீட்டருல முள்ளெல்லாம் எங்கெங்க நின்னுதுன்னு சொல்லு. நான் வரைஞ்சிக்கறேன். வேறொண்ணும் நீ சொல்ல வேண்டாம்."

கிட்டுச்சாமி பூண்டுத் தோலைக் கையிலிருந்து தட்டிவிட்டார். ஒன்றை உதறினார், ஒட்டிக்கொண்ட இன்னொன்றை உதறினார்.

"நான் பார்க்கலடா," என்றார்.

"மீட்டரப் பார்க்கலையா?"

"எதையுமே பார்க்கல. சக்கரம் தரைய உட்டதும் கண்ண மூடுனவன். மறுபடியும் சக்கரம் தரையத் தொட்டு, கட்டை வெச்ச சத்தம் கேட்டப்பறந்தான் தொறந்தேன்."

சென்னியப்பன் கேட்டார். "ஆறு ரிப்பனாட்ட இருந்துதுன்னியே."

"அது நானாச் சொன்னது."

"ஊரு உப்பாட்ட."

"அதும்."

"அட மானங்கெட்டவனே!" முப்பத்தொரு வருசத்தில் நேராகச் சொன்ன முதல் வசவு அது. "திருடிட்டுப் போனவன் தின்னாவது தொலைச்சிருக்கலாமேடா. தெருவுல வீசியெறிஞ்சிட்டு வந்திருக்கியே. நீ பார்த்தேன்னு நெனச்சுல்ல நான் இத்தன வருசம் வயிறெரிஞ்சேன். யாருமே பார்க்காததுக்கா எரிஞ்சேன்?"

கிட்டுச்சாமி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "பயந்தான். பயமில்லேன்னு சொல்லல. ஆனா பயம் மட்டும் இல்ல. ஓட்டுனவரு மலையாளத்துக்காரரு. காதுல மாட்டியிருந்ததுல அவரு கொரலு வந்துட்டே இருந்துச்சு. உடுப்புல இருந்த பேரப் பார்த்துட்டுக் கூப்புடறாரு. 'சென்னியப்பா, பேடிக்கேண்டா. சென்னியப்பா, தாழெ நோக்கு, நின்டெ ஊரு.' பயப்படாத, கீழ பாரு, உன்ற ஊருங்கறாரு. நான் எப்படிடா தொறப்பேன்? அவரு கூப்புட்டது உன்னைய. வர்ற வரைக்கும் கூப்புட்டாரு. ஒருத்தரும் பதில் சொல்லல."

வீதியில் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. சென்னியப்பன் வாசற்படியைத் தாண்டாமலே கையை நீட்டி, விமானத்தைக் கட்டிலின் மேல் வைத்து, புடவையை விலக்கினார். கிட்டுச்சாமி பார்த்தார். பார்த்தவர், யோசிக்காமல், கை பழகிய பழக்கத்தில், உரித்த பூண்டுப் பற்களில் சின்னதாக ஆறு எடுத்து, மூன்று சக்கரங்களுக்கும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கட்டை வைத்தார். விமானம் ஆடாமல் நின்றது.

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்துக் கண்ணாடி மூடியைச் சுற்றிலும் கீறித் திறந்தார். உள்ளிருந்து ஐஸ்பெட்டியைத் திறந்தது மாதிரி ஒரு குளிர் வந்து அவர் கட்டைவிரலைத் தொட்டது. அது இந்த ஊர்க் காற்றில்லை. இடது சீட்டில் யாரும் தெரியவில்லை, ஆனால் செருப்புத் தோல் உட்கார்ந்த பள்ளமாக அமுங்கியிருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்குங் சார்," என்று அந்தப் பள்ளத்திடம் சொல்லிவிட்டு, குண்டூசி முனையால் முதல் முள்ளைச் சுரண்டினார்.

"அழிக்கறியா?" என்றார் கிட்டுச்சாமி.

"பார்க்காத முள்ள வரைஞ்சா அது உன்ற கதையாட்டப் போயிரும். ஏற்கெனவே ஒருக்கா பொய்யில போயிட்டு வந்திருச்சு இந்த சீட்டு. போறவங்க போயிப் பார்த்துக்கட்டும், எது எங்க நிக்குதுன்னு."

கிட்டுச்சாமி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். இருபத்தொன்பது முள்ளையும் சுரண்டி எடுக்க மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. கடைசியில் சென்னியப்பன் வலது சீட்டின் மேல் குனிந்து, தானே மாட்டி வைத்த கொக்கியைக் குண்டூசியால் நெம்பி, பெல்ட்டுகளைப் பிரித்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். மூடியை மறுபடி ஒட்டினார். அவ்வளவு நேரமும் அவர் நின்றது வாசற்படிக்கு வெளியே. உள்ளே வந்தார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

போகும்போது, "உன்ற பின்வாசல நாளைக்குக் காத்தால தொறந்து வெச்சிரு," என்றார். "அது கிழக்கதான் போவேங்குது."

அன்று சாயங்காலம் மூன்றாம் லைன் வீதி கடப்பாரையோடு வந்தது. அடைத்த வாசல் கல் கல்லாக உதிர்ந்தது. முதல் கல் விழுந்த ஓட்டை வழியாக எதிர்வீட்டுத் திறந்த வாசலும், அதற்குப் பின்னால் அப்போதே திறந்து வைத்திருந்த அதன் பின்வாசலும், அதற்குப் பின்னால் கொல்லைப்புற முருங்கையும், அதற்கும் பின்னால் வானமும் ஒரே கோட்டில் தெரிந்தன. "நல்ல காத்தோட்டமுங்," என்றாள் பாப்பாத்தி, முப்பத்தொரு வருசமாக அந்தச் சுவரோடு வேர்த்துக்கொண்டே சமைத்தவள்.

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். ஆவி கடுகுக்கும் கீழே போயிருந்தது. இறக்கைக்கடியில் வைத்திருந்ததையெல்லாம் ஜமீலா ஒரே நூலில் கோத்து வயிற்றுப் பக்கம் கட்டிவிட்டிருந்தாள். சென்னியப்பன் மேஜைக்கு அருகே நின்றார். கிட்டுச்சாமி கூப்பிடாமலே வந்து, இடித்த வாசல் வழியாக உள்ளே நுழைந்து, மேஜையோரம் மண்டியிட்டு, கண் விமானத்தின் மட்டத்துக்கு வர, கையோடு கொண்டுவந்த பூண்டுக் கட்டைகளைச் சக்கரங்களுக்கு வைத்து, அவற்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் வேலை அது. சென்னியப்பன் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

எஞ்சின் ஏறியது. துணிகள் சாய்ந்தன. அப்போது பாப்பாத்தி அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, புருசன் முன்னால் நின்றாள்.

"ஏனுங். நல்லாப் பார்த்துக்குங். நான் எங்கயும் வழுக்கி உளுகல. கல்லாட்ட நிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போயிட்டு வாங்."

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது. நூல் மாதிரி மெலிசாக, ஆனால் வாசலில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது. "சென்னியப்பா."

முப்பத்தொரு வருசமாக யாரும் பதில் சொல்லாத அந்தக் குரலுக்கு சென்னியப்பன், "இருக்கேனுங்," என்றார்.

வலது பக்கத்துக் கண்ணாடியில் புளியங்கொட்டை அகலத்துக்கு ஆவி படிந்தது. கிட்டுச்சாமி ஆறு கட்டைகளையும் வெடுக்கென்று எடுத்துக் கையை வீசினார். மேஜை விளிம்பு வரைக்கும் ஓடி, விளிம்பில் விழாமல், இடித்த வாசலில் நுழைந்து, வீதியின் பதினாறு அடியை ஒரு மூச்சில் கடந்து, எதிர்வீட்டு முன்வாசலில் புகுந்து, பின்வாசலில் எழும்பி, முருங்கையின் உச்சிக் கொழுந்தை உரசிக்கொண்டு, அது போயிற்று. ஜமீலாவின் சிவப்பு நூல் கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் வானம் மட்டும் இருந்தது.

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். வயிறு ஒரு முறை கீழே போய், ஒரு முறை மேலே வந்தது. காதுக்குள் தக்கை கழன்றது போல ஏதோ திறந்துகொண்டது. உள்ளங்கையில் வால்வு ரப்பரின் வாசம் இருந்தது. ஆனால் என்ன பார்த்தோம் என்று எவ்வளவு துழாவினாலும் ஒரு வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை, அந்த வெளிச்சம் திறந்த கண்ணில் விழுந்ததா மூடின இமைக்குள் இருந்ததா என்றும் அவருக்குத் தெரியவில்லை. காலி மேஜையில் சக்கரத் தடம் மூன்று கோடாக இருந்தது. வீதி மெதுவாகக் கலைந்து குழாயடிக்கும் கடைக்கும் போயிற்று. மண்டியிட்ட இடத்திலிருந்து எழ முடியாமல் கிட்டுச்சாமி மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டேய்," என்றார் சென்னியப்பன். "பக்கத்துலதான இருந்த. உள்ள பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேரு."

"வலது பக்கத்து சீட்டுல இருந்தவன்..." சக்கரத் தடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "கண்ணு மூடியிருந்தானா?"

"தொறந்திருந்தான்," என்றார் கிட்டுச்சாமி. "நல்லா அகலமாத் தொறந்திருந்தான். முள்ளெல்லாம் ஒண்ணொண்ணா எந்திரிச்சு நின்னுதுடா. அதைப் பார்த்தான். அப்பறம் தலைய இப்படிச் சாச்சு, கீழயும் பார்த்தான்."

ஆற்றைப் பார்க்காமல் ரிப்பன் என்று சொன்ன வாய் அது. ஊரைப் பார்க்காமல் உப்பு என்று சொன்ன வாய். முப்பத்தொரு வருசம் அந்த வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் நம்பாதவர், ஸ்டூலை இழுத்து அதன் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.